கோப்பைக் காட்டு, காட்டமாட்டேன்: வாஷிங்டனில் ஒற்றர் விசாரணை அரசியல் சண்டையான கதை

1948 மார்ச் 1 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் 'அமெரிக்க விரோதச் செயல்கள் விசாரணைக் குழு' ஓர் அறிக்கையை வெளியிட்டது. எட்வர்ட் காண்டன் என்ற இயற்பியலாளரைப் பற்றிய அறிக்கை அது. வணிகத் துறையின் கீழ் அளவீட்டுத் தரங்களைக் கவனிக்கும் தேசிய ஆய்வகத்துக்கு அப்போது அவர்தான் தலைவர். நாட்டின் அணுசக்திப் பாதுகாப்பில் மிகப் பலவீனமான இடங்களில் ஒன்று இவர் என்று அறிக்கை சொன்னது. அதற்கு ஆதாரமாக, மத்தியப் புலனாய்வு அமைப்பான எப்.பி.ஐ.யின் தலைவர் எட்கர் ஹூவர் வணிகத் துறைக்கு எழுதியிருந்த ஒரு கடிதத்தின் பகுதிகளை அச்சிட்டது. ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டது. ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்ட ஒருவரோடு காண்டனுக்கு இருந்த பழக்கத்துக்கும் ஒற்று வேலைக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டும் ஆதாரம் எதுவும் இல்லை என்று சொன்ன வாக்கியம் அது.

குழு முழுக் கடிதத்தையும் கேட்டது. வணிகத் துறை தர மறுத்தது. மார்ச் 13 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஓர் உத்தரவு போட்டார். அரசு ஊழியர்கள் நாட்டுக்கு விசுவாசமானவர்கள்தானா என்று பார்த்த விசுவாசச் சோதனையின் கோப்புகள் எதையும் நாடாளுமன்றக் குழுக்களுக்குத் தரக்கூடாது, யாராவது கேட்டால் வெள்ளை மாளிகைக்கு அனுப்ப வேண்டும் என்று.

அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் ஒற்றர் விவகாரம் என்றாலே எல்லோரும் குடியரசுக் கட்சி செனட்டர் மெக்கார்த்தியின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அந்தச் சண்டையின் அடிநாதம் மெக்கார்த்தி அல்ல, இந்த மார்ச் 13 உத்தரவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஒற்றர்கள் இருந்தார்களா என்பது ஒரு கேள்வி. அதை விசாரிக்கும் உரிமை யாருக்கு, அந்தக் காகிதங்களைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய காகிதங்கள் பூட்டிக் கிடந்ததால், இரண்டாவது கேள்வியை வைத்து ட்ரூமனின் ஜனநாயகக் கட்சியும் எதிரணியான குடியரசுக் கட்சியும் ஆறேழு வருடம் அடித்துக்கொண்டன.

கதை பத்து வருடம் முன்னாலேயே தொடங்குகிறது. விட்டேக்கர் சேம்பர்ஸ் என்பவர் 1930-களில் வாஷிங்டனில் சோவியத் உளவுக்காகத் தகவல் சுமந்தவர். 1938-ல் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு ஓடினார். 1939 ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் போட்டதும் அவருக்குப் பயம் பிடித்தது. ரஷ்யாவுக்குப் போகும் தகவல் இனி ஜெர்மனிக்கும் போகலாமே! செப்டம்பர் 2 அன்று, போலந்துக்குள் ஜெர்மன் படை புகுந்த மறுநாள், வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் அடால்ஃப் பெர்லியை அவர் வீட்டில் சந்தித்துப் பெயர் பெயராகச் சொன்னார். பெர்லி குறிப்பு எடுத்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள் எப்.பி.ஐ.யின் கைக்கு வந்தது 1943-ல். நடுவே நான்கு வருடம் போயிருந்தது. அதற்குள் ரஷ்யா போரில் கூட்டாளியாகிவிட்டது. கூட்டாளி நாட்டின் ஒற்றர்களைத் தேடும் அவசரம் வாஷிங்டனில் யாருக்கும் இல்லை.

1945-ல் நிலைமை மாறியது. செப்டம்பரில் ஒட்டாவாவின் சோவியத் தூதரகத்தில் சங்கேத எழுத்தராக இருந்த இகோர் குஸென்கோ நூற்றுக்கும் மேற்பட்ட ஆவணங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியேறினார். நவம்பரில் எலிசபெத் பென்ட்லி என்ற அமெரிக்கப் பெண் எப்.பி.ஐ.யிடம் விரிவான வாக்குமூலம் கொடுத்தார். அவரும் போர்க் காலத்தில் தகவல் சுமந்தவர்தான். அவர் சொன்ன பெயர்களில் கருவூலத் துறையின் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட் இருந்தார். 1944-ல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் பிரிட்டனின் பொருளாதார அறிஞர் கெயின்ஸுக்கு எதிரே உட்கார்ந்து உலக நாணய நிதியத்தின் அமைப்பை வகுத்தவர் அவர். ட்ரூமனுக்கு முன் குடியரசுத் தலைவராக இருந்த ரூஸ்வெல்ட்டின் உதவியாளராக இருந்த லாச்லின் கர்ரியின் பெயரும் வந்தது.

பென்ட்லியிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட ஆதாரமாக இல்லை. எப்.பி.ஐ. அவர் சொன்னவர்களின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது, பின்தொடர்ந்தது. அதற்குள் சோவியத் தரப்புக்குச் செய்தி எட்டி, தொடர்புகளைத் துண்டித்துவிட்டார்கள். ஒட்டுக்கேட்டுச் சேகரித்தது நீதிமன்றத்தில் செல்லாது. ஆகவே, எப்.பி.ஐ.க்கு ஓரளவு உறுதியாகத் தெரியும், ஆனால் வழக்குப் போட முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் அரசியல் புகுந்தது.

1946 தேர்தலில் குடியரசுக் கட்சி இரு அவைகளையும் பிடித்தது. ட்ரூமன் நிர்வாகம் கம்யூனிஸ்டுகளிடம் மெத்தனமாக இருக்கிறது என்பது அவர்களுடைய முக்கியப் பிரசாரங்களில் ஒன்று. அதைச் சமாளிக்க 1947 மார்ச் 21 அன்று ட்ரூமன் அரசு ஊழியர்கள் அனைவருக்கும் விசுவாசச் சோதனையைக் கொண்டுவந்தார். எதிர்க்கட்சியின் ஆயுதத்தைப் பிடுங்கிவிடலாம் என்பது கணக்கு.

அந்தச் சோதனை எப்படி நடந்தது என்பதற்கு டோரதி பெய்லியின் வழக்கைப் பார்த்தால் போதும். வேலைவாய்ப்புத் துறையில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். அவர் கம்யூனிஸ்ட் என்று யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். யார் என்று அவருக்குச் சொல்லவில்லை. விசாரித்த குழுவுக்கே தெரியாது. தகவல் கொடுத்தவர்கள் சத்தியம் செய்து சொன்னார்களா என்பதும் தெரியாது. வெள்ளையர் ரத்தத்தையும் கறுப்பர் ரத்தத்தையும் தனித்தனியாக வைப்பது பற்றி நீங்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினீர்களா என்று அவரைக் கேட்டார்கள். இது ஒரு விசுவாசக் கேள்வி! அவருக்கு வேலை போனது. 1951-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் 4-க்கு 4 என்று பிரிந்ததால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நின்றது, வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நிஜமான ஒற்றர்கள் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்வதால் இந்தப் பெண்ணுக்கு நடந்தது எந்த வகையிலும் சரியாகிவிடாது.

சரி, 1948 கோடைக்கு வருவோம். தேர்தல் ஆண்டு. ட்ரூமன் தோற்பார் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவர் ஜூலை 26 முதல் நாடாளுமன்றத்தைச் சிறப்புக் கூட்டத்துக்கு அழைத்து, விலைவாசிக்கும் வீட்டு வசதிக்கும் சட்டம் போடுங்கள் என்று குடியரசுக் கட்சிக்குச் சவால் விட்டார். அந்தக் கூட்டம் நடக்கும்போதே விசாரணைக் குழு ஜூலை 31 அன்று பென்ட்லியைக் கொண்டுவந்து சாட்சிக் கூண்டில் நிறுத்தியது. ஆகஸ்ட் 3 அன்று சேம்பர்ஸ் வந்தார். அப்போது அவர் டைம் இதழின் மூத்த ஆசிரியர்களில் ஒருவர். அவர் சொன்ன பெயர்களில் ஒன்று ஆல்ஜர் ஹிஸ்.

ஹிஸ் சாதாரண ஆள் இல்லை. ஹார்வர்டில் சட்டம் படித்தவர். 1945-ல் சர்ச்சிலும் ஸ்டாலினும் கலந்துகொண்ட யால்டா மாநாட்டுக்கு ரூஸ்வெல்ட்டுடன் போன குழுவில் இருந்தவர். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்தை எழுதிய மாநாட்டின் பொதுச் செயலர் அவர்தான். (இந்தியாவின் சார்பில் அந்தச் சாசனத்தில் கையெழுத்திட்டவர் நம் ஆற்காடு இராமசாமி முதலியார்.) சேம்பர்ஸோ கசங்கிய சட்டையும் கெட்டுப்போன பற்களுமாகத் திரிந்து, தானே சட்டவிரோத வாழ்க்கை வாழ்ந்ததாகச் சொல்லிக்கொண்டவர். ஆகஸ்ட் 5 அன்று ஹிஸ் தானாகவே குழுவின் முன் வந்து, அப்படி ஒரு ஆளையே தெரியாது என்றார். கேட்டவர்கள் பெரும்பாலும் நம்பிவிட்டார்கள். அன்றே ட்ரூமனின் செய்தியாளர் கூட்டம். இந்த ஒற்றர் பீதியெல்லாம் விலைவாசியிலிருந்து மக்களின் கவனத்தைத் திருப்பச் செய்யும் வேலையா என்று ஒரு நிருபர் கேட்டார். ஆமாம் என்றார் ட்ரூமன். 'கவனம் திருப்பும் வேலை' என்ற சொல் நிருபருடையது. ஆனால், ட்ரூமன் தலையாட்டியதால் அது அவருடைய சொல்லாகவே கடைசி வரை ஒட்டிக்கொண்டது.

குழுவிலும் பலர் பின்வாங்கப் பார்த்தார்கள். கலிபோர்னியாவிலிருந்து முதல் முறை வந்திருந்த உறுப்பினர் ரிச்சர்ட் நிக்சன் விடவில்லை. ஹிஸ் கம்யூனிஸ்டா என்று நிரூபிப்பது கஷ்டம், ஆனால் இருவருக்கும் பழக்கம் இருந்ததா என்று நிரூபிக்கலாம் என்பது அவர் பிடித்த நூல். சேம்பர்ஸைத் தனியாக உட்கார வைத்து ஹிஸ் வீட்டு விவரங்களைக் கேட்டார்கள். சமையல், நாய், பழைய ஃபோர்டு கார் என்று நிறையச் சொன்னார். கணவன் மனைவி இருவருக்கும் பறவை பார்ப்பதில் ஆசை, ஒருமுறை பொடோமாக் ஆற்றோரம் அபூர்வமான ஒரு மஞ்சள் நிறச் சிறு பறவையைப் பார்த்துவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள் என்றார். ஆகஸ்ட் 16 அன்று ஹிஸ்ஸிடம் பேச்சோடு பேச்சாக ஓர் உறுப்பினர் அந்தப் பறவையைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன், பொடோமாக் ஓரம்தான் என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டார் ஹிஸ். மறுநாள் நியூயார்க் கொமடோர் ஹோட்டல் அறை ஒன்றில் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். குரலைக் கேட்டு, பற்களைப் பார்த்து, வேறு பெயரில் இவரைத் தெரியும் என்று ஹிஸ் ஒப்புக்கொண்டார்.

அந்த வாரத்திலேயே ஹாரி டெக்ஸ்டர் ஒயிட் இறந்துபோனார். 13-ம் தேதி குழுவின் முன் நின்று எல்லாவற்றையும் மறுத்தார், 16-ம் தேதி மாரடைப்பு. அவருக்கு ஏற்கெனவே இதய நோய். விசாரணைதான் அவரைக் கொன்றது என்று ஒரு தரப்பு நம்பியது.

நவம்பர் 2 தேர்தலில் யாரும் எதிர்பாராமல் ட்ரூமன் வென்றார். நாடாளுமன்றமும் ஜனநாயகக் கட்சியின் கைக்குத் திரும்பியது. விசாரணைக் குழுவின் தலைவர் பார்னெல் தாமஸ், ஊழியர் பெயரில் பொய்ச் சம்பளம் எழுதிப் பணம் எடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு நின்றார். (பின்னால் சிறைக்கும் போனார்.) குழுவின் கதை முடிந்தது என்றே தோன்றியது. ஆனால் ஹிஸ் தன் மேல் அவதூறு என்று சேம்பர்ஸ் மீது வழக்குப் போட்டிருந்தார். அந்த வழக்கில் ஆதாரம் கேட்டபோது, அதுவரை ஒற்று வேலை எதுவும் நடக்கவில்லை என்றே சத்தியம் செய்துவந்த சேம்பர்ஸ், நவம்பர் 17 அன்று தட்டச்சு செய்த 65 பக்கங்களையும் ஹிஸ்ஸின் கையெழுத்தில் இருந்த நான்கு குறிப்புகளையும் எடுத்து வைத்தார். எல்லாம் 1938-ன் தொடக்க மாதங்களின் வெளியுறவுத் துறைத் தகவல்கள். டிசம்பர் 2 இரவு, குழுவின் ஆட்களை மேரிலாந்தில் தன் பண்ணைக்கு அழைத்துப்போய், குடைந்து வைத்த பூசணிக்காய்க்குள்ளிருந்து மைக்ரோபிலிம் சுருள்களை எடுத்துக் கொடுத்தார். பத்திரிகைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

உளவுக் குற்றத்துக்கு வழக்குப் போடும் காலக்கெடு தாண்டிவிட்டிருந்தது. ஆகவே, பொய்ச் சாட்சி சொன்னதாக வழக்கு. 1949-ல் முதல் விசாரணையில் ஜூரிகள் 8-க்கு 4 என்று பிரிந்தார்கள். இரண்டாவதில் 1950 ஜனவரி 21 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. ஹிஸ்ஸின் மனைவி முன்பு தட்டச்சு செய்த கடிதங்களும் அந்த 65 பக்கங்களில் பெரும்பாலானவையும் ஒரே உட்ஸ்டாக் தட்டச்சுப் பொறியில் அடித்தவை என்பதுதான் வழக்கைத் தீர்மானித்தது. ஐந்து வருடத் தண்டனை. தீர்ப்பு வந்த பிறகும் வெளியுறவுச் செயலர் டீன் அச்சிசன், நான் ஹிஸ்ஸைக் கைவிடமாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். நண்பராக அது பெரிய மனது. அரசியலில் அது எதிர்க்கட்சிக்குத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்த பரிசு.

ஏனென்றால் இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 9 அன்று, ஜோசப் மெக்கார்த்தி மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் ஊரில் பேசினார். வெளியுறவுத் துறையில் 205 கம்யூனிஸ்டுகள் இருப்பதாகச் சொன்னதாக உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. அடுத்த ஊர்களில் அது 57 ஆனது. செனட்டில் 81 ஆனது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால், சண்டை எதைப் பற்றியது என்பது புரியும். 1946-ல் அன்றைய வெளியுறவுச் செயலர் எழுதிய ஒரு கடிதத்தில், 284 பேரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பரிந்துரை வந்ததாகவும் அதில் 79 பேரை நீக்கியதாகவும் இருந்தது. மீதி 205. அவர்களில் பலர் மீதான ஆட்சேபம் கம்யூனிசம் பற்றியதே அல்ல. 57-ம் 81-ம், ட்ரூமன் கோப்புகளைப் பூட்டுவதற்கு முன்னால் நாடாளுமன்ற ஊழியர்கள் பார்த்துத் தொகுத்த 108 பேரின் பட்டியலிலிருந்து வந்தவை. பழைய கோப்பைப் பார்த்தவர்களின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, புதிய கோப்பை ஏன் காட்டமாட்டேன் என்கிறாய் என்று கேட்பதுதான் மெக்கார்த்தியின் உத்தி. காட்டாவிட்டால், மறைக்கிறார்கள். காட்டினால்?

அதுவும் நடந்தது. செனட்டர் டைடிங்ஸ் தலைமையில் விசாரித்த குழுவுக்கு, 1950 மே மாதம், 81 கோப்புகளை வெள்ளை மாளிகையில் உட்கார்ந்து படிக்க ட்ரூமன் அனுமதித்தார். கோப்புகளிலிருந்து முக்கியமானவற்றை உருவி எடுத்துவிட்டார்கள் என்றார் மெக்கார்த்தி. ஜூலையில் டைடிங்ஸ் குழுவின் பெரும்பான்மை, குற்றச்சாட்டுகள் மோசடி என்று அறிக்கை கொடுத்தது. கட்சிவாரியாகப் பிரிந்து நின்ற அறிக்கை அது. நவம்பரில் டைடிங்ஸ் தேர்தலில் தோற்றார். கம்யூனிஸ்ட் தலைவர் ஏர்ல் பிரவுடருடன் அவர் நிற்பது போல ஒட்டுப்போட்ட படம் ஒன்றை எதிர்த்தரப்பு பிரசாரத்தில் பரப்பியிருந்தது.

இவ்வளவு கூச்சலும் நடந்தபோது, வாஷிங்டனுக்குப் பக்கத்தில், முன்பு பெண்கள் கல்லூரியாக இருந்த ஆர்லிங்டன் ஹால் கட்டடத்தில், ஒற்றர்கள் இருந்தார்களா என்ற முதல் கேள்விக்கான பதில் மெல்ல மெல்லத் தயாராகிக்கொண்டிருந்தது. சோவியத் தூதரகங்கள் போர்க் காலத்தில் மாஸ்கோவுக்கு அனுப்பிய சங்கேதத் தந்திகளை உடைக்கும் வேலை 1943 பிப்ரவரியில் அங்கே தொடங்கியது. பின்னால் 'வெனோனா' என்று பெயர் பெற்றது. அந்தச் சங்கேதத்தில் ஒருமுறை பயன்படுத்தியதும் கிழித்துப்போட வேண்டிய எண் பக்கங்களைப் பயன்படுத்துவார்கள். முறையாகச் செய்தால் உடைக்கவே முடியாது. ஆனால் 1942-ல், ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கிய நெருக்கடியில், ஆயிரக்கணக்கான பக்கங்களை இரண்டு முறை அச்சடித்துவிட்டார்கள். அந்தத் தவறுதான் வாசல். 1946 டிசம்பர் 20 அன்று மெரிடித் கார்ட்னர் என்ற மொழியறிஞர் ஒரு தந்தியை உடைத்தபோது, அணுகுண்டுத் திட்ட விஞ்ஞானிகளின் பெயர்ப் பட்டியல் உள்ளே இருந்தது.

மொத்தம் சுமார் 3,000 தந்திகளை ஓரளவு படித்தார்கள். பென்ட்லி சொன்ன பல பெயர்கள் அதில் உறுதியாயின. ஒயிட்டும் புனைபெயரில் இருந்தார். 1945 மார்ச் தந்தி ஒன்றில் யால்டாவுக்குப் போய்விட்டு மாஸ்கோ வழியே திரும்பிய 'ஏலஸ்' என்ற ஆள் வருகிறார். அவர் ஹிஸ்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். மறுப்பவர்கள் இன்றும் உண்டு. ஒயிட் எந்த நோக்கத்தோடு பேசினார், உளவாளியா, கூட்டாளி நாட்டுக்காரரிடம் அளவு மீறிப் பேசிய அதிகாரியா என்பதிலும் வாதம் முடியவில்லை.

இதை ஏன் நீதிமன்றத்தில் வைக்கவில்லை? 1949-ல் நீதித் துறை ஊழியர் ஜூடித் காப்லன் ஒரு சோவியத் அதிகாரியைச் சந்திக்கும்போது பிடிபட்டார். வெனோனாதான் துப்பு கொடுத்தது, ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. அவர் கைப்பையில் இருந்த எப்.பி.ஐ. குறிப்புகளின் மூல அறிக்கைகளை வாசிக்க நீதிபதி உத்தரவிட்டார். யாரோ சொன்ன வம்பு வதந்திகளெல்லாம் எப்.பி.ஐ. கோப்பில் இருப்பது ஊருக்கே தெரிந்தது. ஹூவருக்குப் பெரும் அவமானம். மேல்முறையீட்டில், குற்றம் தெளிவுதான் ஆனால் பிடித்த முறை சட்டப்படி இல்லை என்று தண்டனையை ரத்து செய்தார்கள். 1956-ல் எப்.பி.ஐ.க்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதினார்கள்: வெனோனாவை நீதிமன்றத்தில் பயன்படுத்தலாமா என்று. வேண்டாம் என்பதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இது தேர்தல் ஆண்டு, எப்.பி.ஐ. கடுமையான அரசியல் சண்டையின் நடுவில் மாட்டிக்கொள்ளும் என்பது.

கோப்பு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் நிலையான கொள்கை எதுவும் இல்லை என்பதை 1953-ம் 1954-ம் காட்டிவிட்டன. 1953 நவம்பர் 6 அன்று, குடியரசுக் கட்சியிலிருந்து வந்த புதிய குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரின் தலைமை வழக்கறிஞர் ஹெர்பர்ட் பிரவுனல் சிகாகோவில் பேசும்போது, ஒயிட் ஒற்றர் என்று எப்.பி.ஐ. அறிக்கை வந்த பிறகும் ட்ரூமன் அவரை நாணய நிதியப் பதவிக்கு உயர்த்தினார் என்றார். எப்.பி.ஐ. கோப்பைத் தானே எடுத்து வீசினார். விசாரணைக் குழு முன்னாள் குடியரசுத் தலைவருக்கே சம்மன் அனுப்பியது. ட்ரூமன் வர மறுத்தார். முதலில் அப்படி ஓர் அறிக்கை நினைவில்லை என்றவர், பிறகு தொலைக்காட்சியில், ஒற்றர் குழுவைக் கண்காணிக்க வசதியாகத்தான் ஒயிட்டை விட்டுவைத்தோம் என்றார். அப்படி ஒரு ஏற்பாட்டுக்குத் தான் சம்மதிக்கவில்லை என்று ஹூவர் செனட் குழுவில் சாட்சி சொன்னார். ட்ரூமனின் விளக்கத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அதே சமயம், 1945-46-ல் அவர் கையில் இருந்தது ஆதாரமில்லாத ஒரு பெண்ணின் வாக்குமூலம் மட்டுமே. வெனோனாவை அவருக்குச் சொல்லவே இல்லை என்பது இந்த ரகசியக் காப்பு முறையை 1990-களில் ஆராய்ந்த ஆணையத்தின் தலைவர் செனட்டர் மொய்னிஹனின் முடிவு.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1954 மே மாதம், ராணுவத்தோடு நடந்த விசாரணையில் மெக்கார்த்தி எப்.பி.ஐ. கடிதம் என்று இரண்டேகால் பக்கக் காகிதம் ஒன்றை எடுத்தார். அதை வெளியிடக் கூடாது என்று தடுத்தவர் அதே பிரவுனல். மே 17 அன்று, நிர்வாகத்துக்குள் நடந்த ஆலோசனைகளைப் பற்றி யாரும் சாட்சி சொல்லக் கூடாது என்று ஐசன்ஹோவர் கடிதம் எழுதினார். ட்ரூமனின் 1948 உத்தரவைவிட அகலமான பூட்டு அது. அரசு ஊழியர்கள் மேலதிகாரியைப் பொருட்படுத்தாமல் தன்னிடம் தகவல் கொடுக்கட்டும் என்று மெக்கார்த்தி அறைகூவினார். டிசம்பர் 2 அன்று செனட் 67-க்கு 22 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது.

ஆர்லிங்டன் ஹாலின் ரகசியம் மாஸ்கோவுக்குப் பல வருடம் முன்பே போய்விட்டது என்பதுதான் இதில் எனக்குத் தாங்க முடியாத விஷயம். அங்கேயே வேலை பார்த்த வில்லியம் வைஸ்பாண்ட் சோவியத் ஆள். பிரிட்டிஷ் உளவுத் துறையின் பிரதிநிதியாக வாஷிங்டனில் இருந்த கிம் ஃபில்பியும் சோவியத் ஆள்தான், அவருக்கும் வெனோனா தெரியும். வைஸ்பாண்ட் மீது உளவு வழக்கே போடவில்லை. வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி முன் வராததற்காக ஒரு வருடம் சிறை, அவ்வளவுதான். எதிரிக்குத் தெரிந்த ரகசியத்தை, சண்டை போட்டுக்கொண்டிருந்த தன் நாடாளுமன்றத்துக்கும், அந்தச் சண்டையில் வேலை இழந்தவர்களுக்கும், ஹிஸ் நிரபராதி என்று நாற்பது வருடம் வாதாடியவர்களுக்கும் அமெரிக்க அரசு மறைத்து வைத்திருந்தது. 1995 ஜூலை 11 அன்றுதான் முதல் தந்திகளை வெளியிட்டார்கள். ஹிஸ் அப்போது உயிரோடு இருந்தார். 1996 நவம்பரில், 92 வயதில், கடைசி வரை மறுத்தபடியே இறந்தார்.

காண்டனுக்கு எதிராக எங்கிருந்தும் எதுவும் வரவில்லை. 1951-ல் அரசுப் பணியை விட்டுத் தனியார் நிறுவனத்துக்குப் போனார். 1954 ஜூலையில் அவருக்குப் பாதுகாப்பு அனுமதி கொடுத்தார்கள், அக்டோபரில், தேர்தலுக்கு முன்பு, அதை நிறுத்தி வைத்தார்கள். அந்த வேலையையும் விட்டார். 1974-ல் அவர் இறந்தபோது வெனோனா தாள்கள் வெளியே வர இன்னும் 21 ஆண்டுகள் இருந்தன.